கப்பல் பார்க்கப் போனவர்

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோதுதான் அந்தக் கதை என் காதில் விழுந்தது. செப்டம்பர் கடைசி. தூறலுக்குப் பயந்து எல்லோரும் கதவுக்கு உள்ளேயே நெருக்கிக்கொண்டு நின்றோம். லண்டன் அப்டன் பார்க்கில் மரக்கறியும் மீனும் மொத்தமாக விற்கும் கடைக்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து, குடையை உதறியபடி கேட்டார்.

"அக்கா, அண்ணைக்கு வேற எங்கையும் நல்ல வேலை கிடைச்சிட்டுதோ?"

என் கணவர் அந்தக் கடைக்குத்தான் பல வருடமாகச் சாமான் ஏற்றும் வான் ஓட்டியவர். வியாபாரம் படுத்துவிட்டது, முதலாளி ஷிப்டைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிற்பாட்டிவிட்டார் என்று வீட்டில் சொல்லியிருந்தார். நானும் அந்தக் குடும்பத்தின் மேல் மனசுக்குள் கோபத்தோடு திரிந்தேன். அதனால் கொஞ்சம் வெடுக்கென்று பதில் சொன்னேன்.

"நீங்கள் நிப்பாட்டின பிறகு இந்த வயசில ஆர் வேலை குடுக்கிறது?"

அவர் முகம் மாறிப்போனது. "நாங்களோ? ஐயோ அக்கா, நாங்கள் ஏன் நிப்பாட்டுறம்? அவர்தான் ஒரு நாள் மத்தியானம் வந்து வான் திறப்புக் கொத்தை மேசையில வைச்சிட்டு, இனி வரமாட்டன் எண்டிட்டுப் போனவர். இவர் எவ்வளவோ கெஞ்சினவர். ஒரு காரணமும் சொல்லேல்லை."

என் கணவர் மட்டும் வாசலுக்கு வெளியே, தூறலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் அந்தப் பெண்ணிடம், "ஓம், அவருக்கு முதுகு நோகுது" என்று சொல்லிச் சமாளித்தேன். எதற்காக அவருக்காகப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். கலியாணம் கட்டியது ஜெர்மனியில். அங்கே பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயதில், இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். குட்மேய்ஸில் ஒரு சின்ன வீடு. மகள் படித்து, கலியாணம் முடித்து, சட்டனில் இருக்கிறாள். நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் பொய் பேசுகிறவரும் இல்லை. கலியாணத்துக்கு முன்னமே தன் குறைகளையெல்லாம் தானே எனக்குச் சொன்ன மனிதர். அப்படிப்பட்டவர் பொய் சொன்னால் சின்ன விஷயத்துக்குச் சொல்லமாட்டார் என்றுதான் என் மனம் ஓடியது.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். அதற்குப் பதிலாக அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கவனிக்கத் தொடங்கினால் எல்லாமே தெரிய வரும் போலிருந்தது. முதலில், அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேசும்போது அவருடைய கண் என் காதுக்குப் பக்கத்தில், அல்லது நெற்றிக்கு மேலே, எங்கேயோ போய் நின்றது. முகத்துக்கு முகம் பார்க்க வெட்கப்படுகிற ஆள்தான் அப்படிப் பார்ப்பார். பிறகு, மீன். மன்னாரில் பிறந்தவர், முள்ளுக் கூடிய மீனைத்தான் ருசி என்று தேடி வாங்குகிறவர், திடீரென்று மீன் வேண்டாம் என்றார். பருப்பும் சோறும் போதும் என்றார். வெளியே யாரோ சமைத்துக் கொடுக்கிறார்களோ என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அந்த நினைப்பைத் தள்ளப் பார்த்தேன். அது போகவில்லை.

காரையும் அவர் தொடுவதில்லை. பெற்றோல் விலை என்றார். வாசலில் நின்ற காரின் கண்ணாடியில் பக்கத்து வீட்டு மரத்தின் மஞ்சள் இலைகள் ஒட்டிக் காய்ந்துபோய்க் கிடந்தன. ஆனால் வீட்டில் இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் எங்கேயோ போய் வந்தார். "சும்மா நடந்திட்டு வாறன்." நான் வேலையால் வரும்போது சில நாள் அவர் இருப்பார், சில நாள் இருக்கமாட்டார். வாசலில் கழற்றிய சப்பாத்தில் சாம்பல் நிறத்தில் சேறு. எங்கள் பக்கத்துப் பூங்காவில் அப்படிச் சேறு கிடையாது.

போகும் நேரமும் ஒரே நேரம் இல்லை. சனி ஞாயிறுகளில் நான் வீட்டில் இருப்பதால் அது தெரிந்தது. சனிக்கிழமை போனதைவிட ஞாயிற்றுக்கிழமை பிந்திப் போனார். வெளிக்கிட முன் ஜன்னலடியில் நின்று போனைக் காதோடு வைத்து எதையோ கேட்பார். பக்கத்துவீட்டுக்காரியிடம் கதையோடு கதையாக விசாரித்ததில், வார நாட்களிலும் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் போகிறார் என்று தெரிந்தது. சில நாட்கள் போனதும் திரும்பக் காலையில் இருந்து தொடங்குவார். மனிதர்களுடைய ஷிப்ட்தான் அப்படி மாறி மாறி வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. யாருடைய ஷிப்ட் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் நான் மேல்மாடிக்கு உடுப்பு மடிக்கப் போனேன். குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். மெல்லிய குரல், வெகு வேகம், இடையில் மூச்சே விடாத மாதிரி. நான் கையில் இருந்த துவாயோடு அப்படியே நின்றேன். என் காலடியில் தரைப் பலகை கிறீச்சிட்டதும் குரல் பட்டென்று நின்றுவிட்டது.

"ஆரோட கதைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரோடயும் இல்லை," என்றார் உள்ளே இருந்து. பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

மகளுக்கு போன் எடுத்தேன். வான் திறப்பு, மீன், சேறு, குரல் எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு கேர்ள்பிரெண்டா? சும்மா ஓவர்திங்க் பண்ணாதேங்கோ. அவருக்கு டிப்ரஷனா இருக்கலாம். நீங்களே நேரா கேளுங்கோவன்."

"கேட்டால் சொல்லுவாரோ?"

"அப்ப பின்னால போய்ப் பாருங்கோ," என்றாள் பகிடியாக.

பகிடி பகிடியாகவே போயிருக்கலாம். ஆனால் ஒக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமை லீவு வந்தது. அந்தக் கிழமையில் ஒரு நாள் காலை, மரித்தோர் திருநாளுக்கு மெழுகுதிரியும் பூவும் வாங்க அப்டன் பார்க் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக எனக்குப் பட்டது. அது என்னைக் குத்தியது. கார்த் திறப்பை எடுத்தேன். ஜெர்மனியில் லைசென்ஸ் எடுத்தவள்தான், ஆனால் லண்டன் ரோட்டில் ஓடுவதென்றால் எனக்குக் கை நடுங்கும். காரைத் தெரு முனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் வெளியே வந்தார். தொப்பி, கறுப்பு ஜக்கெட். தெருவைக் கடக்க முன் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தப் பார்வை என் கார் மேல், எனக்கு நேராக, விழுந்தது. எங்களுடைய சொந்தக் கார். கண்ணாடிக்குப் பின்னால் நான். அவர் ஒரு அசைவும் இல்லாமல் திரும்பி பஸ் தரிப்புக்கு நடந்தார்.

பார்த்தும் பாராத மாதிரிப் போகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

பஸ்ஸுக்குப் பின்னால் கார் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது நிற்கும் இடமெல்லாம் நானும் நிற்க, பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள். ரொம்ஃபர்டில் இறங்கி இன்னொரு பஸ் எடுத்தார். அது ரெய்னம் பக்கம் போனது. அங்கே அவர் இறங்கி, பெரிய லொறிகள் போகிற ஒரு ரோட்டில் ஓரமாக நடந்தார். இரண்டு பக்கமும் கிடங்குகள், கம்பி வேலி. இங்கே எவள் இருக்கப்போகிறாள் என்று ஒரு கணம் சந்தேகமே குழம்பிப்போனது. ஒரு கிடங்குக்கு முன்னால் காரை விட்டுவிட்டு நானும் நடந்தேன்.

ரோடு முடிந்த இடத்தில் வெள்ளத்தடுப்புக் கரை. அதில் ஏறினால் தேம்ஸ். நடு லண்டனில் பாலங்களுக்குக் கீழே ஓடும் ஆறு மாதிரி இல்லை அது. அகலமாக, மண்ணிறமாக, கரையில் அதே சாம்பல் சேறு. காய்ந்த நாணல் காற்றில் சரசரத்தது. கொஞ்சத் தூரத்தில் ஒரு வாங்கு. அதில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்.

கறுப்பினப் பெண். செம்மஞ்சள் நிறப் பாதுகாப்பு ஜக்கெட் போட்டிருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. என்னைவிடக் கொஞ்சம் இளமையாக இருப்பாள். அவள் ஏதோ சொல்ல, என் கணவர் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கன காலம்.

நான் ஒளியவில்லை. ஒளிய அங்கே இடமும் இல்லை. நேராக அவர்களை நோக்கி நடந்தேன். பாதி வழியில் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப ஆற்றுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். அவளுக்கு முன்னால் என்னை யாரோ வழிப்போக்கர் மாதிரி விடுகிறார் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது கீழ்ப்பக்கத்து வளைவில் இருந்து ஒரு சரக்குக் கப்பல் வந்தது. நீல நிறம், ஓரமெல்லாம் துரு. அவர் எழும்பி நின்று கழுத்தை நீட்டினார். தலையை ஒரு பக்கம் சரித்து, பிறகு மற்றப் பக்கம் சரித்து, சேவல் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கப்பல் நேருக்கு வந்து கொஞ்ச நேரம் போனபிறகு இங்கிலீஷில் ஒரு சொல் சொன்னார். அந்தப் பெண் கப்பலைப் பார்த்து, தலையை ஆட்டி, "இல்லை, முதல் எழுத்து மட்டும் சரி," என்றாள்.

நான் வாங்குக்கு முன்னால் போய் நின்றேன். "இஞ்சருங்கோ," என்றேன்.

அவர் அதிர்ந்துபோய் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஆர்... நீரோ?"

"நான் உங்கட முகத்துக்கு முன்னால நிக்கிறன். ஆர் எண்டு கேக்கிறியள்?"

அவர் கண் என் நெற்றிக்கு மேலே எங்கேயோ நின்றது. அந்தப் பெண்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினாள்.

"நீங்கள் மனைவிதானே?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "நல்லதாகப் போயிற்று. நானும் முதலில் இவரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? தினமும் வந்து, போகிற கப்பலின் பெயர் என்ன, பெயர் என்ன என்று கேட்கிற ஆளை யார் நம்புவது? கடத்தல் ஆளோ என்று எங்கள் கிடங்குக் காவலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து விசாரித்த பிறகுதான் இவர் உண்மையைச் சொன்னார்." பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இப்போதே சொல்லுங்கள்," என்றாள். அவளுடைய சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. கரையில் இருந்து இறங்கி லொறி ரோட்டில் நடந்து போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம்.

"இரும்," என்றார். நான் இருந்தேன்.

"எனக்கு நடுவில தெரியேல்லை," என்றார்.

"என்ன நடுவில?"

"எதைப் பார்த்தாலும் அதுக்கு நடுவில ஒரு அழுக்கு மாதிரி. சுத்திவரத் தெரியுது. நேர பார்க்கிறது தெரியேல்லை. உம்மட முகத்தைப் பார்த்தால் காது தெரியுது, தலைமயிர் தெரியுது. முகம் இல்லை."

அவர் மெதுவாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னார். வசந்த காலத்திலேயே தொடங்கியிருக்கிறது. முதலில் வயசு என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் அப்டன் பார்க்கில் வான் ஓட்டிக்கொண்டு போகும்போது, பாதசாரிக் கடவையில் பிள்ளை வண்டிலோடு ஒரு தாய் இறங்கியிருக்கிறாள். இவருக்கு அவள் தெரியவில்லை. அவள் வானின் முன்பக்கத்தில் கையால் அடித்த சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்திருக்கிறார்.

"வண்டிலுக்கும் வானுக்கும் நடுவில ஒரு கை போகாது," என்றார். "அந்தப் பெட்டை எனக்குப் பேசேல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நிண்டது. அதின்ர முகமும் எனக்குத் தெரியேல்லை. அப்பிடியே வானைக் கொண்டுபோய் விட்டிட்டுத் திறப்பைக் குடுத்தனான். பிறகு ஒண்டையும் ஓடேல்லை."

ரொம்ஃபர்டில், எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டியிருக்கிறார். அவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். போகவில்லை. அதற்குப் பதிலாக இங்கே வந்திருக்கிறார்.

"கப்பலில என்ன இருக்கு?"

"பெரிய எழுத்து. ஆறுதலாப் போகும். ஒவ்வொரு நாளும் வேற வேற பெயர். வீட்டில எதை வாசிச்சாலும் அது முந்தியே எனக்குத் தெரிஞ்சதாத்தான் இருக்கும். உண்மையா வாசிக்கிறனோ, நினைவில சொல்லுறனோ எண்டு எனக்கே சந்தேகம். இது ஏமாத்தாது. எவ்வளவு கிட்ட வந்தாப்பிறகு வாசிக்க ஏலுது எண்டு பார்த்தால், கூடுதோ குறையுதோ எண்டு தெரியும்."

"குறைஞ்சதோ?"

"முதல் அந்த வளைவு தாண்டினதும் வாசிச்சனான். இப்ப நேர வந்தாலும் ஏலாது."

அவர் போகும் நேரம் ஏன் மாறியது என்றும் அப்போதுதான் தெரிந்தது. கடற்பெருக்கில் ஆறு ஏறும்போதுதான் பெரிய கப்பல்கள் உள்ளே வரும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் பிந்தும். கடற்கரையில் பிறந்த எனக்கு அது தோன்றாமல், யாருடையதோ ஷிப்ட் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். குளியலறைப் பெண்ணும் ஒரு பெண் இல்லை. எழுத்தை வாசித்துச் சொல்லும்படி போனில் அவர் போட்டுவைத்திருந்த குரல் அது; ஜன்னலடியில் கேட்டதும் அந்தக் குரல் சொல்லும் ஏற்ற நேரத்தைத்தான். மீன் முள்ளு அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் தொண்டையில் சிக்கியதை எனக்குச் சொல்லாமல் சோற்றை விழுங்கிச் சமாளித்திருக்கிறார்.

என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு பெண்ணோடு தொடர்பு என்றால் எப்படி ஏசுவது என்று வழி முழுக்கச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் நான். அந்தச் சொற்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

"முன்பின் தெரியாத ஒரு பொம்பிளைக்குச் சொல்லியிருக்கிறியள். எனக்குச் சொல்லேல்லை."

"அது கேட்டுப்போட்டு வேலைக்குப் போயிடும்," என்றார். "நீர் அழுவீர். பிறகு மகள் வருவா. பிறகு என்னைக் கதிரையில இருத்திப்போட்டு எல்லாரும் சுத்தி நிப்பியள். அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் எண்டு நினைச்சனான்."

"கொஞ்ச நாள் இருக்கெண்டு ஆர் சொன்னது? டொக்டரோ?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மேல்பக்கத்தில் இருந்து ஒரு இழுவைப் படகு மஞ்சள் பெட்டிகள் ஏற்றிய தோணிகளை இழுத்துக்கொண்டு போனது. அந்த அலை வந்து சேற்றில் அடித்து ஓயும்வரை நான் அழுதேன். அவர் சொன்ன மாதிரியே அழுகிறேனே என்று அதற்கும் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது காரில் அவர் என் பக்கத்தில் இருந்து, "இடப் பக்கம் லொறி வருது," என்று ஓரக் கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் ஓம் ஓம் என்றேன்.

அடுத்த நாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகளும் சட்டனில் இருந்து வந்துவிட்டாள். டொக்டர் ஒரு இளம் பெண். எத்தனை காலமாக இப்படி என்று கேட்டார். "ரெண்டு மாசம் இருக்கும்," என்றார் என் கணவர், கண்ணை மூடிக்கொண்டு. நான் அவரைப் பார்த்தேன். டொக்டரும் என்னைப் பார்த்தார். "வசந்த காலத்தில் இருந்து," என்று நான் இங்கிலீஷில் திருத்தினேன். என் கணவர் என் முழங்காலில் கையால் தட்டினார். அது கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

இடக் கண்ணின் நடுப் பார்வை திரும்பி வராது என்று சொன்னார்கள். வலக் கண்ணில் இன்னும் இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் தொடர்ந்து போடவேண்டும். ஊசி கண்ணுக்குள்ளேயே. அதைக் கேட்டதும் மகள் வெளியே போய்விட்டாள். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முதல் ஊசி முடிந்து வெளியே வந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது. "அவ்வளவு நோகேல்லை," என்றார். நான் நம்பவில்லை.

நம்பிக்கை ஒருமுறை ஆட்டம் கண்டால் அது எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவர் "தெரியுது" என்று சொல்வதெல்லாம் எனக்குச் சந்தேகம். கோயிலில் ஆட்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முகத்தைப் பார்த்தா, நடையைப் பார்த்தா, குரலைக் கேட்டா என்று நான் அளந்துகொண்டிருப்பேன். டீ ஊற்றும்போது விரலைக் கோப்பைக்குள் விட்டுப் பார்க்கிறாரா என்று கதவோரம் நின்று பார்ப்பேன். அவருக்கும் என் மேல் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஊசி போட்டு வந்த மாதங்களில் வலக் கண் மோசமாகவில்லை. டொக்டர் அதை நல்ல செய்தி என்றார். கார் லைசென்ஸை என் கணவர் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமைகளில், ஏற்றம் பகலில் வந்தால், நான் அவரை ரெய்னத்துக்குக் காரில் கூட்டிப்போவேன். கை நடுக்கம் எனக்குப் போய்விட்டது. அந்தக் கிடங்குப் பெண்ணையும் ஓரிரு தடவை கண்டோம்; கானா நாட்டவளாம். நான் ஒரு முறை மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைப்பென்று சொல்லிச் சொல்லியே முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு அவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் பெயர் சொல்வார், நான் சரி அல்லது பிழை சொல்வேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள், சீனி ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று வந்தது. உயரமான கப்பல், பச்சை நிறம், முன்பக்கத்தில் வெள்ளை எழுத்து. எனக்கே தூரத்தில் இருந்து தெளிவாக வாசிக்க முடிந்தது. ஒரு பூவின் பெயர். அவர் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். கன நேரம் எடுத்தார். கடைசியில் ஏதோ ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார்.

அன்றைக்கு முதல் நாள்தான் ஊசி போட்டிருந்தார்கள். கண் சிவந்துபோயிருந்தது. இரவு சரியாகத் தூங்கவும் இல்லை.

"சரி," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதில என்ன எழுதியிருக்கு?"

"நீங்கள் சொன்னதுதான்."

"அது பூவின்ர பெயர்," என்றார். "நான் வாசிச்சிட்டன். வேணுமெண்டுதான் பிழையாச் சொன்னனான்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"எத்தினை தரம் இப்பிடிச் சரி எண்டு சொல்லியிருக்கிறீர்?"

"இண்டைக்கு மட்டும்தான்."

"உண்மையா?"

"இல்லை," என்றேன் கொஞ்சம் பொறுத்து. "முந்தியும் சில தரம்."

அவர் எழும்பித் தண்ணீர் ஓரம்வரை நடந்து போனார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. "எனக்கு எவ்வளவு தெரியுதெண்டு எனக்குத் தெரியவேணும்," என்று ஆற்றைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "டொக்டர் சும்மா நல்லம் எண்டு சொல்லும். மகளும் சொல்லும். நீரும் சொன்னால் நான் ஆரைக் கேக்கிறது?"

"நீங்கள் எனக்கு எல்லாத்தையும் ஒளிச்சனீங்கள்தானே," என்று நானும் சத்தம் போட்டேன். "மாசக் கணக்கா. நான் சில தரம் சொன்ன பொய் உங்களுக்குப் பெரிசோ?"

நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு வேகமாகப் போனார். காற்று குளிராக இருந்தது. கப்பல் போன பாதையில் தண்ணீர் இன்னும் அடங்கவில்லை.

கொஞ்ச நேரம் போய் அவர் திரும்பி வந்து வாங்கில் இருந்தார். "இனி ரெண்டு பேரும் ஒளிக்கிறேல்லை," என்றார்.

"சத்தியமாச் சொல்லுங்கோ."

"சத்தியத்துக்கு நீர் என்னை நம்புவீரோ?"

நான் யோசித்தேன். "இல்லை," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கரகரத்த, மூச்சோடு வருகிற சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. எதிர்க்கரையில் இருக்கும் எரித் பக்கம் இருந்து மணல் கப்பல் ஒன்று தாழ்ந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது நேருக்கு வரும்வரை அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். நான் கப்பலைப் பார்த்தேன்.

"பிழை," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அது என்ன எழுத்துகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கப்பல் கடந்து போகும்வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.